சுண்ணாம்புச் சுவரில் கிடைத்த பொடிச் சுருள்: இதை வைத்தா பழைய கடலைக் கணக்கிடுகிறார்கள்?

கொத்தனார்_பேரன் (சத்துவாச்சாரி)

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா கட்டிய வீட்டின் பின்கட்டுச் சுவரைப் போன வாரம் இடித்தோம். சிமென்ட் படாத பழைய சுண்ணாம்புப் பூச்சு. கடற்கரையிலிருந்து வந்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். உடைந்த ஒரு வில்லையை நகைக்கடை லென்ஸில் பார்த்தபோது மணலுக்கு நடுவே சூட்டுக்குத் தப்பிய ஒரு சுருள் தெரிந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. ஆனாலும் சுற்றுகள் எண்ணும்படி அவ்வளவு தெளிவு.

தங்கையிடம் காட்டினேன். "இந்த மாதிரிப் பொடி ஓடுகளை வைத்துத்தான் 20,000 வருடத்துக்கு முன்னால் கடல் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு அமிலமாக இருந்தது என்று சொல்கிறார்கள்" என்றாள். எப்படி என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா? நான் பத்தாவதோடு நின்றவன், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வேலப்பாடி

எனக்கும் இதில் வெகுநாளாகச் சந்தேகம் உண்டு. இருபதாயிரம் வருடத்துக்கு முன்னால் தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் யார் போய்ச் சரிபார்ப்பது? குறை சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. சரிபார்க்க வழி இருந்தால் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள ஆசை.

நுண்தூரிகை (காட்பாடி)

இப்போது பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் ஓர் ஆய்வகத்தில் இந்த ஓடுகளைப் பொறுக்குவதுதான் என் வேலை. அதனால் பதில் நீளமாகப் போகும்.

தம்பி, முதலில் உங்கள் சுருள். கடலியல்காரர்கள் அதிகம் நம்புவது ஃபோராமினிஃபெரா என்ற உயிரின் ஓடுகளை. சுருக்கமாக ஃபோராம் என்போம். ஒரே ஒரு செல் உள்ள உயிர். தன்னைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட்டால் அறை கட்டிக்கொள்ளும். வளர வளரப் பழையதைவிடப் பெரிதாக இன்னோர் அறை, அப்புறம் இன்னொன்று. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. உங்கள் கையில் இருப்பது அதுவாகவும் இருக்கலாம், குட்டி நத்தையாகவும் இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே ஏமாற்றும். ஊசி முனையால் மெல்ல உடைத்துப் பாருங்கள். நத்தை என்றால் உள்ளே தொடக்கம் முதல் முடிவு வரை தடுப்பில்லாத ஒரே குழாய். ஃபோராம் என்றால் அறைக்கு அறை சுவர், ஒவ்வொரு சுவரிலும் ஒரு சின்னத் துளை. துளை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் 1826-இல் தோர்பிஞி என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பெயரை வைத்தார்.

அடுத்தது, சுவர்ச் சாந்து கடலைப் பற்றி எதுவும் சொல்லாது. கிளிஞ்சலைச் சுடும்போது அதிலிருந்த கரியமில வாயு போய்விடுகிறது. நீற்றிப் பூசிய பிறகு சாந்து இறுகுவது சுற்றியுள்ள காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்வதால். ஆகவே உங்கள் வீட்டுச் சுவருக்குள் இருப்பது தாத்தா பூசிய வருடத்துக் காற்று. பழைய கட்டடங்களின் வயதை இந்தச் சாந்திலுள்ள கார்பனை வைத்தே கணிக்கிறார்கள். உங்கள் சுருள் சூடு படாமல் தப்பியிருந்தால் அது ஒன்றில் மட்டும் கடல் மிச்சம் இருக்கிறது.

ராணிப்பேட்டை_லேப்

மேடம் சொல்வது கடல் ஓடுகளைப் பற்றி, எனக்கு நினைவு வருவது வெந்நீர் அண்டா. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகக் கல் படியும் அல்லவா, அதுவும் கால்சியம் கார்பனேட்தான். முப்பது வருடம் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் இடிடிஏ டைட்ரேஷன் செய்து கால்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்தவன் நான். எந்தத் தண்ணீரோ அந்தப் படிவு. இதுவரை புரிகிறது.

ஆனால் பிஎச், அதாவது தண்ணீரின் அமில அளவு, எப்படி? சாம்பிளைக் கொண்டுவர ஒரு மணி நேரம் தாமதித்தாலே மாறிவிடும் சமாச்சாரம் அது. 20,000 வருடம் எங்கே தங்கியிருந்தது?

நுண்தூரிகை (காட்பாடி)

பிஎச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் சார், அதுதான் இதில் அழகான பகுதி. வெப்பத்திலிருந்து தொடங்கலாம்.

ஓட்டிலுள்ள கார்பனேட்டில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜனில் லேசானது 16, கனமானது 18. ஆயிரம் அணுவில் கனமானது இரண்டு. தண்ணீர் குளிரக் குளிர ஓடு கனமானதைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். டிகிரிக்கு ஆயிரத்தில் 0.2 பங்கு அளவுதான் வித்தியாசம். அதை அளக்க முடிந்தால் ஓட்டையே தெர்மாமீட்டராக்கலாம் என்று 1947-இல் ஹெரால்ட் யூரி சொன்னார். சேசரே எமிலியானி 1955-இல் ஆழ்கடல் சேற்றை மேலிருந்து கீழே வெட்டி வெட்டி, அந்த ஓடுகளை அளந்து காட்டினார். கடலடியில் சேறு ஆயிரம் வருடத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் சேரும். ஆகவே குழாயை இறக்கி எடுத்த சில மீட்டர் சேற்றுக்குள் சில லட்சம் வருடம் அடங்கிவிடும். ஓடு கனமாவதும் லேசாவதும் மாறி மாறி வந்தது. பனியுகம் பல தடவை வந்து போயிருக்கிறது என்று தெரிந்தது. கரீபியன் கடல் பனியுகத்தில் 6 டிகிரி குளிர்ந்தது என்று அவர் கணக்குப் போட்டார்.

அந்த இடத்தில்தான் ஒரு சிக்கல். கடலிலிருந்து ஆவியாகிப் போவது பெரும்பாலும் லேசான தண்ணீர். அது துருவப் பக்கம் பனியாக விழுந்து மலைமலையாக நிலத்திலேயே தங்கிவிட்டால், கடலில் மிஞ்சும் தண்ணீர் கனத்துவிடும். அப்போது கடல் குளிராமலே ஓடு கனமாகும். பனியுகத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது, அவ்வளவு தண்ணீரும் பனியாக நின்றது. ஆக, ஓடு கனமானதற்குக் குளிர் எவ்வளவு காரணம், பனி எவ்வளவு காரணம்? எமிலியானி பனியின் பங்கைக் குறைவாகவே கணக்கில் எடுத்திருந்தார்.

1967-இல் நிக்கலஸ் ஷாக்கில்டன் இதை அவிழ்த்த விதம் எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்புத் தரும். மேல்நீரில் மிதக்கும் ஃபோராமை விட்டுவிட்டு, கடலடிச் சேற்றில் வாழும் ஃபோராமை அளந்தார். அதிலும் ஏறத்தாழ அதே ஏற்ற இறக்கம். கடலடியோ இன்றைக்கே 2 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து இன்னும் 6 டிகிரி எப்படிக் குறையும்? கடல்நீர் மைனஸ் 2-ஐ நெருங்கும்போதே உறைந்துவிடும். ஆகவே அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி பனி என்று ஆயிற்று.

வேலப்பாடி

அப்படியானால் பன்னிரண்டு வருடம் எல்லாரும் தவறான எண்ணைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்களா? ஷாக்கில்டன் சொன்னது மட்டும் சரி என்று எப்படித் தெரியும்?

நுண்தூரிகை (காட்பாடி)

ஆமாம் அண்ணா, எண் தவறுதான். ஓட்டை அளந்ததில் தவறில்லை. இரண்டு காரணத்தில் ஒன்றின் கையில் நிறையப் பழியைப் போட்டதுதான் தவறு. இந்தத் துறையே அதற்கப்புறம் கற்றுக்கொண்டது ஒன்றைத்தான்: ஒரே ஓட்டிடம் இரண்டு வெவ்வேறு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்து வந்தால்தான் நம்பலாம்.

ஷாக்கில்டன் சொன்னதை வேறு வழியில் சரிபார்த்தும் இருக்கிறார்கள். கடலடிச் சேற்றின் துகள்களுக்கு இடையே அந்தக் காலத்துக் கடல்நீரே கொஞ்சம் சிக்கிக்கொண்டிருக்கும். 1996-இல் அந்த நீரைப் பிழிந்து அளந்தார்கள். பனியுகக் கடல் இன்றையதைவிட ஆயிரத்தில் ஏறத்தாழ 1 பங்கு கனம். இது ஓட்டையே தொடாமல் வந்த எண்.

வெப்பத்தைத் தனியாகப் பிரிக்க உதவியது ராணிப்பேட்டை சார் சொன்ன மக்னீசியம். ஓட்டில் கால்சியம் உட்கார வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் போய் உட்கார்ந்துவிடும். தண்ணீர் சூடாக ஆக அது கூடும், டிகிரிக்குச் சுமார் 9 சதவீதம். நிலத்தில் எவ்வளவு பனி நின்றாலும் இதற்குக் கவலை இல்லை. மக்னீசியம் ஒருமுறை கடலுக்குள் வந்துவிட்டால் ஒரு கோடி வருடத்துக்கு மேல் தங்கும், அதனால் 20,000 வருடத்தில் கடலில் அதன் அளவு மாறியிருக்காது. மக்னீசியத்தில் வெப்பத்தை எடுத்து, ஆக்சிஜனிலிருந்து அந்தப் பங்கைக் கழித்தால் மீதி தண்ணீரின் கதை. இந்த வழியில் பார்த்தால் வெப்பமண்டல மேல்நீர் பனியுகத்தில் பல இடங்களில் 2 முதல் 3 டிகிரிதான் குளிர்ந்திருக்கிறது.

இதில் நானே செய்த பிழை ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கிக்குக் கீழே வைப்போம். மூன்று சுழி (000) எண் போட்ட மெல்லிய தூரிகையின் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஓட்டின்மேல் வைத்தால் ஓடு ஒட்டிக்கொள்ளும். அதை 60 கட்டம் போட்ட வில்லையில் ஒவ்வொரு கட்டமாக வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர், வெயில் படும் மேல்நீரில் வாழ்வது. மூன்று உருண்டை அறை சேர்ந்த குட்டி நுங்கு மாதிரி இருக்கும். ஒரு ஓடு சுமார் 10 மைக்ரோகிராம். மின்விசிறி போட முடியாது, தும்மக்கூடாது. மே மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து மூன்று வாரத்தில் ஒரு தொகுதி சேர்த்தேன். அப்புறம் ஓடுகளைக் கண்ணாடித் தகட்டுக்கு நடுவே மெல்ல நொறுக்கி, தண்ணீரிலும் மெத்தனாலிலும் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். அறைக்குள் களிமண் ஒட்டியிருக்கும், களிமண்ணில் மக்னீசியம் நிறைய. ஒரு தொகுதிக்கு ஒரு சுற்றுக் கழுவலை விட்டுவிட்டேன். கணக்குப் போட்டால் கடல் 33 டிகிரி என்று வந்தது. கூடவே அலுமினியமும் கூடுதலாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். ஓட்டில் அலுமினியத்துக்கு வேலையே இல்லை, அது இருந்தால் களிமண் இருக்கிறது என்று பொருள். மூன்று வார உழைப்பைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அன்று அழுதேன். ஆனால் அந்த அலுமினிய எண் இல்லாமல் போயிருந்தால் 33 டிகிரி என்று எழுதி வைத்திருப்பேனே என்று நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

குடியாத்தத்துப்_பொண்ணு

அக்கா, நான் நிலவியல் இரண்டாம் வருடம். கடைசி வரிகளை இரண்டு தடவை படித்தேன். ஒரு கேள்வி: வங்காள விரிகுடாவில் இவ்வளவு ஆறு வந்து கலக்கிறது. ஆற்றுத் தண்ணீர் மழைத் தண்ணீர்தானே, அது லேசானது. அப்போது அங்கே ஆக்சிஜன் கணக்கு மொத்தமும் குழம்பிவிடாதா?

நுண்தூரிகை (காட்பாடி)

குழம்பும், ஆனால் அந்தக் குழப்பத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. மக்னீசியத்தில் வெப்பத்தைக் கழித்தாயிற்று, உலகம் முழுக்கப் பனி எவ்வளவு என்பதையும் கழித்தாயிற்று. அப்புறமும் ஓடு லேசாக இருந்தால் அந்த வருடங்களில் ஆறுகள் நிறைய நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. அதாவது பருவமழை பலமாக இருந்திருக்கிறது. பனியுகத்தின் உச்சத்தில் தென்மேற்குப் பருவமழை மெலிந்திருந்ததும், அப்புறம் சுமார் 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை இன்றையதைவிடப் பலமாகப் பெய்ததும் இப்படித் தெரிந்ததே. ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் 2014 கடைசியிலிருந்து 2015 ஜனவரி வரை வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் சேற்றுக் குழாய் எடுத்தது முழுக்க இந்தப் பருவமழைக் கேள்விக்காகத்தான். பாலாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று மேம்பாலத்தில் நின்று பார்க்கிற ஊர் நம்முடையது. அந்தக் கப்பல் செய்தியை நான் வேறு எதையும்விட ஆவலோடு படித்தேன்.

ராணிப்பேட்டை_லேப்

மேடம், பிஎச்.

நுண்தூரிகை (காட்பாடி)

மறக்கவில்லை சார். கேரம் போர்டில் போரிக் பவுடர் தூவுவோமே, அந்த போரான்தான் இங்கே சாட்சி. ஒரு லிட்டர் கடல்நீரில் 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல் போரான் உண்டு. அது இரண்டு உருவில் இருக்கும்: ஒன்று போரிக் அமிலம், இன்னொன்று மின்சுமை ஏறிய போரேட். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச் மட்டும் என்றே வைத்துக்கொள்ளலாம். 8.6-ஐ ஒட்டி இரண்டும் சரிபாதி. பிஎச் இறங்கினால் போரிக் அமிலம் கூடும், ஏறினால் போரேட் கூடும்.

போரானிலும் கனம், லேசு உண்டு: 11 என்பது 80 சதவீதம், 10 என்பது 20. கனமானது போரிக் அமிலத்தை விரும்பும், லேசானது போரேட்டை. ஓடு கட்டும்போது உள்ளே போவது பெரும்பாலும் போரேட். பிஎச் குறைவாக இருக்கும்போது போரேட் கொஞ்சமே இருக்கும், அது லேசான போரானால் ஆனதாக இருக்கும். பிஎச் ஏற ஏற முழுப் போரானும் போரேட்டாக மாறும், கனமானதும் அதற்குள் வந்தாக வேண்டும். ஆகவே ஓட்டில் போரான் கனமாக இருந்தால் அன்றைய கடலின் பிஎச் உயர்வு. நீங்கள் கேட்டது போல பிஎச் தங்கியிருக்க முடியாது. அது போரானைப் பங்கு பிரித்துவிட்டுப் போன தடம்தான் ஓட்டில் தங்கியிருக்கிறது.

ராணிப்பேட்டை_லேப்

சபாஷ். இண்டிகேட்டர் நிறம் மாறுவதும் இதே கணக்குதானே, இரண்டு உரு, பிஎச் பார்த்துப் பங்கு மாறும். முப்பது வருடம் கையில் வைத்திருந்த விஷயம் கடலடியில் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி மேடம்.

வேலப்பாடி

கணக்கு புரிகிறது. என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. யார் போய்ச் சரிபார்த்தது?

நுண்தூரிகை (காட்பாடி)

அண்டார்க்டிகா சரிபார்த்தது அண்ணா. அங்கே பனி விழுந்து இறுகும்போது காற்றுக் குமிழ்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். 8 லட்சம் வருடம் வரை அந்தக் காற்றை வெளியே எடுத்து நேரடியாக அளந்திருக்கிறார்கள். பனியுகத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கு, இடைப்பட்ட வெதுவெதுப்பான காலங்களில் 280. (இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.) கரியமில வாயு குறைந்த காற்றுக்குக் கீழே கடல் பிஎச் உயர்ந்திருக்க வேண்டும். போரான் ஓடுகளும் பனியுக மேல்நீரின் பிஎச் 8.3-ஐ ஒட்டி இருந்தது என்றே சொல்கின்றன. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் 8.2, இன்று 8.1. ஓட்டிலிருந்து கரியமில வாயுவைக் கணக்கிட்டுப் பனிக்குமிழோடு பக்கத்தில் வைத்தால் ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்குகிறது. ஒன்று வெப்பமண்டலக் கடலில் வாழ்ந்த உயிர், இன்னொன்று துருவத்துப் பனி. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுத வழியில்லை.

8.2-க்கும் 8.1-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பிஎச் மடக்கை அளவு. அந்த 0.1 இறக்கத்துக்கு ஹைட்ரஜன் அயனி சுமார் 26 சதவீதம் கூட வேண்டும்.

வேலப்பாடி

இது போதும். பனிக்குமிழ் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனி அவ்வளவு பழைய காலம் வரை போகாதே. கோடிக்கணக்கான வருடம் என்று பேசும்போது?

நுண்தூரிகை (காட்பாடி)

அங்கே பிடி தளரும், உண்மைதான். கடலில் மக்னீசியமும் போரானும் அன்றைக்கு எவ்வளவு என்பதையே தனியாகக் கணிக்க வேண்டும். ஓடும் பழுதாகும். கடலடியில் கிடக்கும்போது ஓட்டின் படிகம் கரைந்து அதே இடத்தில் புதிதாக வளரும். உருவம் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் குளிர்ந்த அடிநீரின் எண்ணாகிவிடும். இதனால் கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய ஈயோசீன் கால வெப்பமண்டலக் கடல் குளிராக இருந்தது என்று வெகுநாள் நம்பினார்கள். தான்சானியாவில் களிமண்ணுக்குள் காற்றும் நீரும் புகாமல் கிடந்த ஓடுகள் கிடைத்தன. அவை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். 2001-இல் அவற்றை அளந்தபோதுதான் அந்தக் கடல் நன்றாகவே சூடாக இருந்தது என்று தெரிந்தது. வெள்ளையாகப் பால் படர்ந்த ஓட்டைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை தானாக அதை ஒதுக்கிவிடும்.

இருந்தாலும் சில சம்பவங்கள் எந்த வழியில் பார்த்தாலும் தெரியும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கார்பன் பெருமளவில் காற்றிலும் கடலிலும் கலந்தது. உலகம் சுமார் 5 டிகிரி சூடானது. போரான் கணக்கில் மேல்நீரின் பிஎச் சுமார் 0.3 இறங்கியது. அந்த இடத்தில் பல ஆழ்கடல் குழாய்களில் வெள்ளைச் சேறு திடீரென்று நின்று செம்பழுப்புக் களிமண் வரும், ஏனென்றால் ஓடுகளே கரைந்துவிட்டன. கடலடி ஃபோராம் இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அத்தோடு முடிந்தன. அவ்வளவுக்கும் அந்தக் கார்பன் வந்து சேரச் சில ஆயிரம் வருடமாவது எடுத்துக்கொண்டது. நாம் அனுப்புவது அதைவிட வேகம். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

கொத்தனார்_பேரன் (சத்துவாச்சாரி)

நேற்று ராத்திரி ஊசியால் உடைத்தேன் அக்கா. வெள்ளைத் தாளில் வைத்து, தங்கை டார்ச் பிடித்தாள். உள்ளே தடுப்பு எதுவும் இல்லை, ஒரே குழாய். நத்தைதான். கொஞ்சம் வருத்தமாக இருந்தது, ஆனால் எது எது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். நம் ஊர் மலையில் எங்காவது ஃபோராம் கிடைக்குமா?

குடியாத்தத்துப்_பொண்ணு

கிடைக்காது அண்ணா. நம் மலையெல்லாம் நைஸ், சார்னோக்கைட் என்ற பாறைகள், சுமார் 250 கோடி வருடப் பழசு, பூமிக்கு அடியில் வெந்து இறுகியவை. கல்லில் வேண்டுமானால் அரியலூர் பக்கம் போக வேண்டும், அங்கே டைனோசர் காலத்து கிரெட்டேசியஸ் கடல் இருந்த இடம்.

நுண்தூரிகை (காட்பாடி)

அவ்வளவு தூரம் வேண்டாம். பாலாறு கடலில் சேரும் இடம், கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பக்கம். தடுப்பணைக்குக் கீழே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில், தண்ணீர் வற்றும் நேரத்தில் மேல் சேற்றை ஒரு கரண்டி வழித்தெடுங்கள். அலை அடிக்கும் மணலில் வேண்டாம், அங்கே உடைந்தவைதான் நிறைய. வீட்டுக்கு வந்து பழைய நைலான் புடவைத் துணியில் கட்டி, மெல்லிய குழாய்த் தண்ணீரில் களிமண் போகும்வரை அலசுங்கள், கசக்க வேண்டாம். நிழலில் உலர்த்திக் கறுப்புத் தாளில் தூவி லென்ஸ் வைத்தால், கை முறுக்கு மாதிரித் தட்டையாகச் சுற்றிய ஒன்று கண்ணில் படும். அம்மோனியா என்று பெயர், கழிமுகச் சேற்றில் அதுதான் அதிகம். அதில் ஒன்றை ஊசியால் உடைத்துப் பாருங்கள்.

கொத்தனார்_பேரன் (சத்துவாச்சாரி)

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் நானும் போகிறோம். குடியாத்தத்துத் தங்கச்சியும் வருவதென்றால் காலை ஐந்தரைக்குப் புதுப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடட்டும். நைலான் புடவை அம்மாவிடம் கேட்டு வாங்கியாயிற்று.